பெட்டியில் இடம் இருந்தது

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு வேலையா, அல்லது வேலை செய்யாமல் இருப்பதா? கோ புவே ஹூன் காலையில் வந்ததும் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து ரப்பர் மெத்தையில் தட்டுவார். டக், டக், டக். உள்ளே இருக்கும் பழ ஈக்கள் அடியில் விழும். அவை சுதாரித்து மேலே ஏறுவதற்குள் பஞ்சு மூடியை உருவி, புதுத் தீனி ஊற்றிய குப்பிக்கு மாற்றிவிடுவார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், பக்கத்து நாற்காலியில் நுண்ணோக்கியின்மேல் குனிந்திருக்கும் ரொஸ்லினாவுக்கு இந்தக் கேள்வி வரும். பதினொரு வருடமாக வருகிறது.

ரொஸ்லினாவின் ஆராய்ச்சி ஈயின் கண்ணைப் பற்றியது. ஹூனுடையது முட்டையைப் பற்றியது. இரண்டு பெண்களுக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கும் தனி ஆய்வுக்கூடம் கிடையாது. தங்களைவிடப் பத்து வயது இளையவரான டாக்டர் தியோவின் குழுவில் இருக்கிறார்கள். ரொஸ்லினாவுக்கு இதில் கொஞ்சம் குறை உண்டு, சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லவும் செய்வார். ஹூனுக்குக் குறை உண்டா என்பது யாருக்கும் தெரியாது.

ஹூனிடம் பழகுவது எளிதல்ல. தூரிகைகளை அளவு வாரியாக அடுக்கி வைப்பார், அதில் ஒன்றை யாராவது எடுத்தால் அன்று முழுக்க முகம் கொடுக்க மாட்டார். ஆனால் மற்றவர்களின் தூரிகையை எடுத்தால் திருப்பித் தருவதில்லை. பேருந்து வழி மாறியது தெரிந்திருந்தும், பழைய நிறுத்தத்தில் ரொஸ்லினா அரை மணி நேரம் நின்றதைப் பார்த்துக்கொண்டே தானும் நின்றவர். கடைசியில் கேட்டதற்கு, "நீ அவ்வளவு நம்பிக்கையா நின்னே, ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன்" என்றார்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா உனக்கு?" என்று ரொஸ்லினா கேட்டார்.

"நின்னதும் நல்லதுதான் லா. மழை விட்டுடுச்சு பாரு."

பேச வேண்டிய இடத்தில் பேசாமலிருக்கும் இதே ஆள், பேசக் கூடாத இடத்தில் கூசாமல் பேசுவார். தம்பி மகன் கல்யாண விருந்தில் மீன் பரிமாறி முடிந்ததும் எழுந்துவிட்டார். இன்னும் நான்கு வகை வரவேண்டியிருந்தது. எங்கே போகிறாய் என்று தம்பி கேட்டதற்கு, மேசை முழுக்கக் கேட்கும்படி, "கன்னிங்களைப் பிரிக்கணும். இன்னும் ஒரு மணி நேரம் விட்டா ஆம்பளைங்க கெடுத்துடுவானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெண் வீட்டாரின் சாப்பாட்டுக் குச்சிகள் தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டன. புதிதாகப் பிறந்த பெண் ஈக்களை, ஆண் ஈ நெருங்குவதற்கு முன் பிரித்து வைத்தால்தான் அடுத்த கலப்பு சுத்தமாக இருக்கும் என்பதைத் தம்பி இரவு முழுக்க விளக்கிக்கொண்டிருந்தாராம். அது ஒரு நோய் என்றுதான் பெண்ணின் அத்தை கடைசிவரை நம்பினார்.

ஆய்வுக்கூடம் இருக்கும் குன்றின் அடிவாரத்துக் காப்பிக் கடைக்காரருக்கு மட்டும் ஹூனின் வேலை சரியாகத் தெரியும். அவர் ஒருமுறை கேட்டார், ஹூன் சொன்னார். சர்க்கரை போடாத கட்டங்காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னது இது:

"முட்டை போடறப்பவே அம்மா ஈ உள்ள சீட்டு எழுதி வெச்சிடறா. தலை இங்க வரணும், வால் அங்க வரணும்னு. வால் சீட்டு கடைசி மூலைக்குப் போனப்புறம்தான் படிக்கணும். நடுவழியில எவனாவது படிச்சிட்டா, தலை இருக்க வேண்டிய இடத்துலயும் வால் முளைச்சிடும். ரெண்டு பக்கமும் வாலோட ஒரு பிள்ளை. பொரியாமலே செத்துடும். அதனால ஒருத்தன் அந்தச் சீட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வாயை மூடிக்கிட்டே இருக்கான். போக வேண்டிய இடத்துக்குப் போனதும் கையை விடறான். அவனைத்தான் நான் பாக்கறேன்."

"பிடிச்சுக்கிட்டே இருக்கறதுதான் அவன் வேலையா?"

"அதான் வேலை."

"இதுக்குச் சம்பளம் யார் தர்றா?"

"கவர்மெண்ட்."

"அவனுக்கா, உனக்கா?"

ஹூன் சிரித்ததை ரொஸ்லினா பார்த்த சில தடவைகளில் அதுவும் ஒன்று.

சீட்டு என்று ஹூன் சொன்னது ஆர்.என்.ஏ.யை. அது மரபணுவிலிருந்து எடுத்த நகல், படிக்கப்பட்டால்தான் அதற்குப் பலன். அதைப் பிடித்துக்கொள்ளும் ஒருத்தன் ஒரு புரதம். இப்படிப்பட்டவர்கள் ஈயின் முட்டைக்குள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள். ஒருவன் சுமப்பான், ஒருவன் வெட்டுவான், ஒருவன் பூட்டுவான். மரபணு எழுதியதோடு கதை முடிந்தது என்று நினைத்திருந்தவர்களுக்கு, எழுதியதை யார், எங்கே, எப்போது படிக்கவிடுகிறார்கள் என்பதுதான் பாதிக் கதை என்று காட்டியவர்கள் இவர்கள். ஹூன் பார்த்துக்கொண்டிருந்த புரதத்துக்கு அப்போது பெயர் இல்லை, ஓர் எண்தான். கண்டுபிடித்தவரே பெயர் வைப்பது ஈக்காரர்களின் வழக்கம், கட்டுரை வெளியாகும்வரை காத்திருக்க வேண்டும். ஹூன் மட்டும் தன் மேசையில் அதை ஹொக்கியன் மொழியில் 'எ-காவ்' என்று கூப்பிடுவார். ஊமை என்று பொருள். எட்டு வருடமாக அந்த ஊமையோடுதான் குடும்பம் நடத்தினார்.

எட்டாவது வருடம், கட்டுரை எழுதி முடித்த நேரத்தில், கொரியாவிலிருந்து வந்தது வினை.

அதை அனுப்பி வைத்தவரும் ஒருவகையில் ஹூன்தான். ஈக்காரர்களிடையே நூறு வருட வழக்கம் ஒன்று இருக்கிறது. உன் ஈயைக் கொடு என்று யார் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும், அவர் போட்டியாளராக இருந்தாலும் சரி. இரண்டு வருடத்துக்கு முன் கொரியாவில் பேராசிரியர் ரியுவின் குழு கேட்டது. ஹூன் இரண்டு குப்பிகளைப் பெட்டியில் வைத்து அனுப்பினார். இப்போது ரியு எழுதியிருந்தார்: உங்கள் ஈக்களை வைத்தே நாங்கள் சோதித்தோம். அந்தப் புரதம் இல்லாத தாய்களின் முட்டைகளில் மூன்றில் ஒரு பங்குதான் பொரியவில்லை. மீதி எல்லாம் நன்றாகவே பொரிந்தன, அவற்றில் எதற்கும் இரண்டு வால் இல்லை. ஆகவே இந்தப் புரதம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடிமுழுகிவிடாது. கட்டுரையை இரண்டு மாதத்தில் அனுப்புகிறோம்.

தியோ ஹூனை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை, அதனால் ரொஸ்லினாவுக்கும் கேட்டது.

"உங்க கணக்குல ஒரு முட்டை கூடப் பொரியலை. அவங்க கணக்குல பெரும்பாலும் பொரியுது. ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்பு. யார்னு தெரியாம உங்க கட்டுரையை நான் அனுப்ப முடியாது, ஹூன்."

"சரி."

"அவங்களோடது முதல்ல வந்துட்டா, அப்புறம் உங்களோடதை யாரும் போடவே மாட்டாங்க. எட்டு வருஷம்."

"தெரியும்."

"கோபமே வரலையா உங்களுக்கு?"

"வந்திருக்கு. உள்ள இருக்கு."

வெளியே வந்து தட்ட ஆரம்பித்தார். டக், டக். அடுத்த மூன்று வாரம் தன் சோதனையையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். ஒரு முட்டையும் பொரியவில்லை.

இந்தச் சமயத்தில் பெருநாள் வந்தது. வார இறுதியோடு சேர்ந்து நான்கு நாள் விடுமுறை. ரொஸ்லினா ஜொகூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று, அன்னாசிப் பலகாரம் நிறைந்த டப்பாவோடு ஈ அறைக்குள் நுழைந்தார். அறை ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. எப்போதும் இருபத்தைந்து டிகிரியில் இருக்க வேண்டிய அறை அது. குளிரூட்டியைப் பழுது பார்க்க வந்தவர்கள் பதினெட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஹூன் தோளில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வெளியே தொழில்நுட்ப அலுவலகத்தோடு தொலைபேசியில் இருந்தார். அவருடைய குப்பி ஒன்றை எடுத்து ரொஸ்லினா நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

அந்தக் குப்பியில் பெரும்பாலான ஈக்களுக்குச் சுருட்டை இறக்கை இருக்க வேண்டும். அது ஓர் அடையாளம். ஊமை மரபணுவின் கெட்ட நகல் ஒன்றும் நல்ல நகல் ஒன்றும் சுமக்கும் ஈக்கு இறக்கை சுருண்டு மேல்நோக்கி வளையும்படி ஏற்பாடு செய்திருப்பார்கள். நேரான இறக்கை என்றால் இரண்டு நகலும் கெட்டது, சோதனைக்கு வேண்டியது அதுதான். கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். ஆனால் விடுமுறையில் பிறந்திருந்த அத்தனை ஈக்களுக்கும் இறக்கை ஏறக்குறைய நேராக இருந்தது.

"ஹூன், இங்க வா. உன் பிள்ளைங்க எல்லாம் பெருநாளுக்கு சலூன் போய் முடியை நீட்டிட்டு வந்திருக்குங்க."

ஹூன் வந்து பார்த்தார். குளிரில் வளர்ந்தால் அந்தச் சுருட்டை நிமிர்ந்துவிடும் என்பது ஈ வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தது என்பதாலேயே யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அறைகள் இருபத்தைந்தில் இருக்கின்றன, அடையாளம் பொய் சொல்வதில்லை, வாழ்க்கை அப்படியே ஓடிவிடுகிறது. ஹூன் நெடுநேரம் குனிந்திருந்தார். பிறகு ஒரு அன்னாசிப் பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.

மதியம் உணவகத்தில், ரொஸ்லினா நாசி பாடாங் சோற்றுத் தட்டோடு எதிரே உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தது.

"மூணுல ஒண்ணு" என்றார் ஹூன், மீன் உருண்டையைக் குச்சியால் உருட்டிக்கொண்டே.

"என்ன மூணுல ஒண்ணு?"

"சுருட்டை எல்லாம் நிமிர்ந்துட்டா, குப்பியில எத்தனை பேர் நிஜமாவே ரெண்டும் கெட்டது?"

ரொஸ்லினா மனக்கணக்குப் போட்டார். ஒற்றைக் கெட்டது இரண்டு பங்கு, இரட்டைக் கெட்டது ஒரு பங்கு; இரண்டும் நல்லது அந்த ஏற்பாட்டில் பிழைப்பதில்லை. மூன்றில் ஒன்று. கொரியாவில் பொரியாமல் போனதும் மூன்றில் ஒன்று. ரொஸ்லினாவின் கை சோற்றிலேயே நின்றது.

"அடோய். அவங்க பாதிக்கு மேல வேஷக்காரங்களைப் பிடிச்சு எண்ணியிருக்காங்க. அவங்க ஈ குளிர்ல வளர்ந்திருக்கு."

"ம்."

"எண்ணினது யாரு?"

"மின் சோரா. கட்டுரையில முதல் பேரு. போன வருஷம் எனக்கு எழுதியிருந்தா, உங்க ஈங்க இங்க ரொம்ப மெதுவா வளருது, தீனியில ஏதாவது சேக்கணுமான்னு. ஈஸ்ட் கூடப் போடுன்னு பதில் எழுதினேன். எட்டு வரி. குளிரான்னு ஒரு வார்த்தை கேக்கலை."

"சரி, இப்ப எழுது. ரியுவுக்கு எழுது, தியோவுக்கும் ஒரு நகல் போடு. இன்னைக்கே."

ஹூன் உருண்டையைத் தின்றார். அந்தப் பெயர் எங்கே கேட்டது என்று ரொஸ்லினாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முந்தைய ஆண்டு பினாங்கு மாநாட்டில், சோரா என்ற அந்தப் பெண் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே ரியு எழுந்து விளக்கைப் போட்டார். "இந்தக் கணக்கு சரியில்லை, இது என் லேபின் தரம் இல்லை" என்று முந்நூறு பேர் முன்னால் சொன்னார். அந்தப் பெண் கையிலிருந்த சுட்டியை அணைக்கக்கூட மறந்து நின்றாள். சிவப்புப் புள்ளி கூரையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அவளுக்கே தனியா ஒரு வரி எழுதேன்" என்றார் ரொஸ்லினா.

"எழுதலாம்" என்றார் ஹூன்.

எழுதவில்லை. மறுநாள் கிளமெண்டி சந்தைப் பக்கம் போய்விட்டுத் தாமதமாக வந்தார். மேசையில் ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து, பஞ்சு மெத்தை போட்டு, புதிய ஈக்கள் இருந்த இரண்டு குப்பிகளைப் படுக்க வைத்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து நடுவில் செருகினார்.

"இது என்ன?"

"மீன்தொட்டி வெப்பமானி."

"அது தெரியுது. எதுக்கு?"

"பெட்டியில இடம் இருந்துச்சு."

கடிதம் இல்லை. குறிப்பு இல்லை. பெட்டியின்மேல் ரியுவின் பெயரும் இல்லை. மின் சோரா என்று பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு முறை ஒட்டுநாடா சுற்றினார்.

"ஏய், அந்தப் பொண்ணு கேக்காமலே ஈ வருது, கூடவே இது வருது. ஏதோ பொம்மைன்னு குப்பையில போட்டுட்டா?"

"ஈக்காரி எதையும் குப்பையில போட மாட்டா."

"உன் எட்டு வருஷத்தை ஒரு மீன்கடைச் சாமானை நம்பி அனுப்பறே."

"நல்ல கடை லா. மீனெல்லாம் உசுரோட இருக்கு."

அடுத்த சில வாரங்கள் ரொஸ்லினாவுக்குத்தான் தூக்கம் போனது. ரியு சொன்ன இரண்டு மாதம் கரைந்துகொண்டிருந்தது. தியோ ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார். "பாத்துக்கிட்டிருக்கேன்" என்று ஹூன் சொன்னார். கண்டதைச் சொல்லியிருந்தால் தியோ அந்த நிமிடமே ரியுவைத் தொலைபேசியில் பிடித்திருப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் ரொஸ்லினாவே ரியுவுக்கு ஒரு மின்னஞ்சல் அடித்தார். உங்கள் ஈக்கள் குளிரில் வளர்ந்திருக்கின்றன, கணக்கு தவறு, அவ்வளவுதான். அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தார். பக்கத்தில் டக், டக், டக் என்று சத்தம் கேட்டது. என்ன தோன்றியதோ, அழித்துவிட்டார். பிடித்து வைத்திருப்பது எவ்வளவு கையை வலிக்கச் செய்யும் வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

கெடு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ரியுவின் மின்னஞ்சல் வந்தது. தியோ அதை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். எங்கள் வளர்ப்புப் பெட்டியில் ஒரு கோளாறு இருந்ததை என் மாணவி மின் சோரா தன் முயற்சியால் கண்டுபிடித்திருக்கிறாள். எல்லாவற்றையும் சரியான வெப்பத்தில் திரும்பச் செய்தாள். ஒரு முட்டையும் பொரியவில்லை. பொரியாததில் எல்லாம் இரண்டு வால். எங்கள் கட்டுரையை நிறுத்திவிட்டோம், உங்களுடையது முதலில் வரட்டும். இவ்வளவு கவனமான மாணவி எனக்கு வாய்த்ததில் பெருமைப்படுகிறேன்.

"பாத்தீங்களா, அவங்களே கண்டுபிடிச்சிட்டாங்க" என்றார் தியோ. "நீங்க கொடுத்து வெச்சவங்க, ஹூன்."

"கெட்டிக்காரப் பொண்ணு" என்றார் ஹூன். டப்பாவின் அடியில் மிச்சமிருந்த கடைசி அன்னாசிப் பலகாரத்தைத் தேடி எடுத்துக்கொண்டார். ஹூன் ஒருவரைப் புகழ்ந்து ரொஸ்லினா கேட்டது அது முதல் தடவை.

கட்டுரை வெளிவந்தது. ஊமைக்கு எ-காவ் என்றே பெயர் நிலைத்தது. உலகம் புரண்டுவிடவில்லை. காப்பிக் கடைக்காரர் மட்டும் ஒரு காப்பியை இலவசமாகக் கொடுத்து, "அவனுக்கும் ஒண்ணு தரட்டுமா?" என்று கேட்டார்.

மறு ஆண்டு மாநாடு சியாங் மாயில் நடந்தது. தேநீர் இடைவேளையில், குளிரூட்டிக்குப் பயந்து துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஹூன் ஒரு மூலையில் நின்றிருந்தார். பக்கத்தில் ரொஸ்லினா. முப்பது வயது இருக்கும் ஒரு பெண் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். கழுத்து அட்டையில் மின் சோரா என்று இருந்தது. வணங்கினாள். பிறகு கையை விரித்தாள். உள்ளங்கையில் அந்த வெப்பமானி.

"இதை நீங்கதானே அனுப்பினீங்க, மேடம்?"

ஹூன் வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்பின் பார்த்திராத பொருளைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மீன்தொட்டியில வெக்கறதாச்சே. எனக்கு எதுக்கு இது?"

"ஈயோட பெட்டியில இருந்துச்சு."

"தவறி விழுந்திருக்கும்மா. என் மேசையில எல்லாம் கண்ட இடத்துல சிதறிக் கிடக்கும். வேணும்னா இவளைக் கேளு."

சோரா திரும்பிப் பார்த்தாள். தூரிகைகளை அளவு வாரியாக அடுக்குகிறவரை ரொஸ்லினா ஒரு கணம் பார்த்தார்.

"ஆமா" என்றார். "பயங்கரக் குப்பை. நான்தான் பக்கத்துல உக்காந்து அவஸ்தைப்படறேன்."

"எங்க வளர்ப்புப் பெட்டியில இருபத்தஞ்சுன்னே காட்டிக்கிட்டிருந்துச்சு மேடம். இதை உள்ள போட்டுப் பாத்தேன். பதினெட்டு."

"அப்படியா. நீயே கண்டுபிடிச்சியா?"

சோரா ஹூனின் முகத்தைப் பார்த்தாள். தூரத்தில் ரியு யாரோடோ உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மேடம்" என்றாள். "நானேதான்."

ஹூன் தலையாட்டினார். வெப்பமானியை வெளிச்சத்தில் உயர்த்தி, இந்த அறை எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அதைச் சோராவின் மேல்கோட்டுப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிவிட்டார்.